மருந்து மணியும் வெண்கலமும்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் வெண்கலம். வைத்தவர்கள் அதை முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் அவள் காது நல்ல காது, கேட்டுவிட்டாள். மறுநாள் மேசை மேலிருந்த பெயர்ப் பலகையைத் திருப்பி, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'வெண்கலம்' என்று தானே எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைத்தாள். அதற்கப்புறம் முதுகுக்குப் பின்னால் பேசுவதில் யாருக்கும் சுவாரசியம் இல்லாமல் போனது.

அந்த வெண்கலக் குரல் பிறவியில் வந்ததில்லை. வளர்ந்த வீடு கொடுத்தது. அம்மா துணித் தொழிற்சாலையில் வரிசை வரிசையாய் ஓடும் தையல் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து, அடுத்தவர் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிச் சீருடை தைத்தவள். சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள், காதை அங்கேயே விட்டுவிட்டாள். அந்த வீட்டில் பசிக்கிறது என்று சொல்லவும் கத்த வேண்டும், பசிக்கவில்லை என்று சொல்லவும் கத்த வேண்டும். மெதுவாகப் பேசத் தெரிந்த பிள்ளையாக இருந்திருந்தால் அவள் பட்டினி கிடந்திருப்பாள்.

வெளியுலகத்துக்கு இந்தக் கதையெல்லாம் தெரியுமா என்ன? பள்ளியில் ஆசிரியை, "நீ வாசல்ல நின்னே பதில் சொல்லு, உள்ள நல்லாவே கேக்குது" என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். அவளும் வாசலில் நின்றே கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். பக்கத்து வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் நடந்தது. கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "பொண்ணு கொஞ்சம் மெதுவா பேசப் பழகிக்குமா?" என்று இழுத்தாள். பெண்ணே நிமிர்ந்து, "பழகமாட்டேன்" என்றாள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் கட்டடத்தின் அடியில் நின்றுகொண்டு உச்சியில் இருக்கும் கூட்டாளிக்குக் கேட்கும்படி கத்திப் பிழைப்பவன். "எனக்கு இதுதான் சௌகரியம்" என்று சொல்லிவிட்டான். கல்யாணம் முடிந்தது.

முதலில் கிடைத்தது வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பேசும் வேலை. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, அந்தப் பெண் அதட்டுகிறாள் என்று புகார் வந்தது. துரத்த மனமில்லாமல், யாரும் எட்டிப் பார்க்காத பின்னறையில் ஒரு கணினியைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். அங்கே சும்மா இருக்கப் பிடிக்காமல் அவள் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். குரலை ஒளித்து வைக்கத்தான் கணினி கொடுத்தார்கள். அதை வைத்து ஊரில் இருக்கிற ஃபோனையெல்லாம் அலற வைப்பாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

இப்போது அவள் இருக்கும் நிறுவனம் மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும் ஆப் ஒன்றை நடத்துகிறது. பிள்ளைகள் ஓரிடத்தில், பெற்றவர்கள் ஓரிடத்தில் என்று இருக்கும் குடும்பங்களுக்கானது. மகளோ மகனோ தங்கள் ஃபோனில் நேரத்தைக் குறித்து வைத்தால், அந்த நேரத்தில் பெற்றவரின் ஃபோன் மணியடித்து நீளமாக அதிரும். அந்த மணியை அனுப்புவதுதான் வெண்கலத்தின் வேலை. அதற்கென்று ஒரு லைப்ரரி இருக்கிறது. புத்தகம் அடுக்கிய இடமில்லை, யாரோ முன்பே எழுதி வைத்த புரோகிராம். அதை எடுத்து நம் புரோகிராமோடு பூட்டிக்கொண்டு, இந்த ஃபோனுக்கு, இந்த வார்த்தைகள், இந்த வழியில் என்று சொன்னால் போதும். அது போய்த் தட்டிவிட்டு வரும். யார் சொன்னாலும் தட்டும், எதைச் சொன்னாலும் கொண்டுபோகும். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அதைப் பூட்டுகிறவர்கள்தான்.

அவள் இரண்டு வழிகள் வைத்திருந்தாள். அந்தத் தொழிலில் அதற்குச் சேனல் என்று பெயர். ஒன்று மருந்துச் சேனல்: உரத்த மணி, ஒரே நீளமான அதிர்வு. இன்னொன்று செய்திச் சேனல்: புது வசதி, தள்ளுபடி, வாழ்த்து, மற்ற குப்பையெல்லாம். அதற்கு இரண்டு குட்டி அதிர்வு. பிடிக்காதவர்கள் ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஃபோன்காரர் ஒரு சேனலை மூடிவிட்டால் மூடியதுதான். அனுப்புகிறவர்கள் தலைகீழாக நின்றாலும் அதைத் திறக்க முடியாது. மூடினவரின் விரல்தான் திறக்க வேண்டும்.

புதிதாக எதை எழுதினாலும் அவள் முதலில் அனுப்பிப் பார்ப்பது அம்மாவின் ஃபோனுக்குத்தான். அம்மா ஃபோனை ஓர் எவர்சில்வர் தட்டில் வைத்திருப்பாள். அதிர்ந்தால் தட்டு கிடுகிடுவென்று ஆடும், மேசையும் சேர்ந்து நடுங்கும், அம்மாவின் முழங்கைக்குத் தெரிந்துவிடும். இரண்டு குட்டி அதிர்வு வந்தால் மகள் வேலை பார்க்கிறாள் என்று அர்த்தம். அம்மா உடனே மகளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரே நீளமாக அதிர்ந்தால் மாத்திரை நேரம். எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். கண்ணாடியைத் தேடி எழுத்தையெல்லாம் படித்துக்கொண்டிருக்க மாட்டாள். படிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தவளே மகள்தான். எல்லாம் ஒழுங்காக நடந்தது, விற்பனை மேலாளர் வரும்வரை.

மேலாளர் பஞ்சு மாதிரி பேசுகிறவர். அவர் பேசினால் கேட்கிறவர்கள் முன்னால் குனிய வேண்டும். குனிந்தவர்கள் பெரும்பாலும் நிமிர்வதற்குள் சம்மதித்துவிட்டிருப்பார்கள். வெண்கலம் குனியவில்லை.

"செய்திச் சேனலைப் பாதிப் பேருக்கு மேல மூடி வெச்சிருக்காங்க மேடம். நாம அனுப்புற ஆஃபர் யாருக்கும் போய்ச் சேரல. மருந்துச் சேனலை மட்டும் யாரும் மூடல. ஒரே ஒரு தடவை, வைட்டமின் ஆஃபரை அதுல அனுப்பிப் பார்க்கலாம்."

"முடியாது சார்."

"ஒரே தடவைதான்."

"மருந்து மணி அடிச்சா மாத்திரை போடறவங்க இருக்காங்க சார். என்ன எழுதியிருக்குன்னு பார்க்கவே மாட்டாங்க."

"அதெப்படிப் பார்க்காம போடுவாங்க? கொஞ்சம் மெதுவா பேசுங்க, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, எதிர் மேசைக்காரனிடம் வந்து நின்றார். எதிர் மேசைக்காரன் நல்லவன், கெட்டிக்காரன். யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது, அது ஒன்றுதான் அவனிடம் குறை. புரோகிராமில் 'செய்தி' என்று இருந்த ஒரு சொல்லை 'மருந்து' என்று மாற்றினான். லைப்ரரி வாங்கிக்கொண்டு போய், உள்ள ஃபோனையெல்லாம் தட்டியது. பாதி விலையில் வைட்டமின் என்ற சேதி, உரத்த மணியோடும் நீளமான அதிர்வோடும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

வெண்கலம் கை கழுவிக்கொண்டிருந்தபோது அம்மாவின் கீழ்வீட்டுக்காரி கூப்பிட்டாள். "உங்கம்மா படியில உக்காந்துட்டாங்க. தலை சுத்துதாம். பயப்படாதே, பக்கத்துல நான் இருக்கேன். டாக்டரைக் கூப்பிட்டாச்சு."

அவள் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ரத்த அழுத்த மாத்திரை இரண்டு முறை உள்ளே போயிருக்கிறது, படுத்திருந்தால் சரியாகிவிடும், படியில் உருளாமல் உட்கார்ந்தது நல்ல காலம் என்று சொல்லியிருந்தார். அம்மா கட்டிலில் கிடந்தாள். எவர்சில்வர் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. ஃபோன் மேசை டிராயருக்குள் கிடந்தது.

"எதுக்கும்மா ரெண்டு தடவை போட்டே?" என்று கத்தினாள். கோபத்தில் கத்தவில்லை, அந்த வீட்டில் பேச்சே அப்படித்தான்.

"நீளமா அதிர்ந்துச்சு. போட்டேன்."

"காலைல போட்டாச்சேன்னு தோணலையா?"

"தோணுச்சு. நேரத்தை நீ மாத்தியிருப்பேன்னு நெனச்சேன்."

"என்ன எழுதியிருக்குன்னு பாத்திருக்கலாமே."

"நீ அனுப்புறதை நான் எதுக்குடி படிச்சுப் பாக்கணும்?" என்றாள் அம்மா.

வெண்கலத்துக்கு வெட்கமாக இருந்தது. தான் அனுப்பாத சேதிக்கு வெட்கப்பட்டாள். கொஞ்ச நேரம் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்கம் வடிந்து, அடியில் இருந்த கோபம் மேலே வந்தது. "டிராயர்ல போட்டா எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். "கீழ்வீட்டுக்காரிகிட்ட சொல்லி மணியையே மூடிட்டேன். தெரிஞ்ச வரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் வெண்கலம் வந்ததும் வராததுமாக வேலையில் உட்கார்ந்தாள். லைப்ரரிக்கு முன்னால் ஒரு காவல் எழுதினாள். மருந்துச் சேனலில் ஒரு சேதி போக வேண்டுமென்றால், அந்த வீட்டார் தாங்களே குறித்து வைத்த மாத்திரையும் நேரமும் அதோடு ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எழுதி முடித்துவிட்டு, மருந்துச் சேனலை மூடியவர்கள் யார் யார் என்று பார்த்தாள். யார் மூடினார்கள் என்பதை ஆப் சொல்லும், திறக்க மட்டும்தான் முடியாது. திரை நகர்ந்துகொண்டே இருந்தது. அம்மாவைப் போல அத்தனை பேர்.

மேலாளரும் அதைப் பார்த்திருந்தார். கண்ணாடி அறைக்கு அவளையும் எதிர் மேசைக்காரனையும் கூப்பிட்டார்.

"நடந்தது வருத்தம்தான். இப்போ மேல என்னன்னு பார்ப்போம். மூடினவங்களுக்கு மாத்திரை ஞாபகமும் போகாது இல்லையா? அதனால புதுப் பேர்ல இன்னொரு சேனல் திறங்க. புதுசு தானாவே சத்தத்தோட திறக்கும்னு இவர் சொல்றார். அதுல மருந்தும் போகட்டும், ஆஃபரும் போகட்டும். மறுபடி மூடினாங்கன்னா, மறுபடி ஒரு புதுப் பேர். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

விதியில் அப்படி ஒரு சந்து இருப்பது உண்மைதான். வெண்கலத்துக்கும் தெரியும். ஒரு கணம் அவளுக்கே அது சரியென்று பட்டது. ஆஃபரை எடுத்துவிட்டு மருந்தை மட்டும் அப்படி அனுப்பினால் என்ன? டிராயருக்குள் கிடக்கும் அம்மாவின் ஃபோன் இன்று சாயங்காலமே அதிருமே. பிறகு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"வேண்டாம் சார்."

"ஏன்?"

"அவங்க நம்மளை வாயை மூடுன்னு சொல்லியிருக்காங்க."

மேலாளருக்குச் சிரிப்பு வந்தது. "நீங்களா மேடம் இதைச் சொல்றீங்க?"

"நான்தான் சொல்லணும். என்னை வாயை மூடச் சொல்லாத ஆளே கிடையாது. ஆனா நான் பேசினா பேசறது நான்தான்னு தெரியும். பிடிக்கலன்னா திட்டலாம், எழுந்து போகலாம். நீங்க சொல்றது வேற சார். கதவைச் சாத்தினவங்க வீட்டுல ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கிறது. நேத்து எங்கம்மா ரெண்டாவது மாத்திரையைப் போட்டது, சொன்னவங்களை நம்பித்தான். இன்னும் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஏறிக் குதிக்கிறது?"

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மொத்தத் தளமும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர் மேசைக்காரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவள் அம்மாவின் கதை அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

"மெதுவா பேசுங்க" என்றார் மேலாளர். "அப்போ மூடினவங்களுக்கு ஞாபகப்படுத்தப் போறது யாரு?"

"நான்."

"எப்படி?"

"வாயால" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வாடிக்கையாளர் தொலைபேசிகள் இருக்கும் அறை தளத்தின் கடைசியில். அங்கே பொறுப்பாக இருந்த பெண், வெண்கலம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு, காதில் மாட்டும் கருவியை எடுத்துக் கொடுத்தாள். "உங்களுக்கு இது தேவையே இல்லக்கா. ஜன்னலைத் திறந்துவிட்டா போதும்" என்றாள். வெண்கலம் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டாள். புகார் வந்து அந்த வேலையிலிருந்து எழுப்பி அனுப்பிய நாளுக்கப்புறம் இப்போதுதான் அவள் இதை மாட்டுகிறாள்.

முதலில் எடுத்தவர் ஒரு பெரியவர். "யாரு?" என்றார், சண்டைக்கு வருகிற மாதிரி.

"மாத்திரை மணி ஆப்புலேர்ந்து பேசறேங்க. நேத்து மருந்து மணியில ஒரு விளம்பரம் வந்துச்சு. அது எங்க தப்பு. அதை மாத்திரை நேரம்னு நெனச்சுப் போட்டுட்டீங்களா?"

"போடல. போடப் போனேன், மருமக பாத்துட்டா. ஆமா, நீ யாரும்மா? உங்க ஆபீஸ்ல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுவாங்க, ஒரு எழவும் புரியாது. நீ பேசறது நல்லாக் கேக்குது."

"அப்போ கேட்டுக்குங்க. நீங்க மருந்து மணியை மூடி வெச்சிருக்கீங்க. திறக்கணும்னா எங்க அழுத்தணும்னு சொல்றேன். இனிமே அதுல விளம்பரம் வந்தா, இதே நம்பர்ல கூப்பிட்டு என்னைத் திட்டுங்க. திறக்க விருப்பமில்லன்னா விட்டுடுங்க, நான் கட்டாயப்படுத்தல."

பெரியவர் யோசித்தார். "சொல்லு" என்றார்.

அடுத்த அம்மாள் இரண்டு மாத்திரை போட்டிருந்தாள். தள்ளாட்டமாக இருந்ததாம், வெயில் என்று நினைத்தாளாம். வெண்கலம் டாக்டரிடம் போகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மேலாளர் வந்து பக்கத்தில் நின்றார். "தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. வேற விதமா சொல்லலாம்" என்று காதோரம் சொன்னார். அவள் வாய் முன்னாலிருந்த மைக்கைப் பொத்தவில்லை.

"எங்க மேலாளர் பக்கத்துல நின்னு, தப்புன்னு சொல்லாதேங்கிறாரும்மா. நான் சொல்றேன், தப்புதான். இன்னிக்கே டாக்டரைப் பாருங்க."

மேலாளர் முகம் சிவந்தது. முதல் தடவையாக அவர் குரல் மற்றவர்களுக்கும் கேட்டது. "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டியதில்ல."

"சரி சார். இன்னிக்கு இருக்கேன்ல?" என்று அடுத்த எண்ணை அழுத்தினாள்.

அவர் போனபின் பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். எதிர் மேசைக்காரன். "எனக்கும் கொஞ்சம் பேரைக் கொடுங்கக்கா. அனுப்பினது நான்தானே" என்றான். அவள் பாதியைப் பிரித்துக் கொடுத்தாள். அவனுக்குக் குரல் எழும்பவில்லை. "வயித்துலேர்ந்து பேசுடா" என்று ஓர் அதட்டல் போட்டாள். சாயங்காலம் வரை இரண்டு பேரும் பேசினார்கள். எல்லோரும் திறக்கவில்லை. சிலர் திட்டிவிட்டு வைத்தார்கள். அவள் வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

அங்கிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போனாள்.

"வேலை போச்சும்மா."

"என்ன?"

"வேலை. போச்சு."

"எதுக்கு?"

"சத்தம் போட்டதுக்கு."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த உலகத்துல எனக்குக் கேக்கற ஒரே சத்தம் உன்னோடதுதான். அதை வேண்டாங்கறாங்களா?" என்றாள். பிறகு என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். வெண்கலம் சொன்னாள். கீழ்வீட்டிலும் எதிர்வீட்டிலும் கேட்டிருக்கும்.

"மிச்சம் எத்தனை பேர் இருக்காங்க?"

"நிறைய இருக்காங்க."

"அப்போ நாளைக்கும் போ. எனக்குச் சொன்ன மாதிரி அவங்களுக்கும் சொல்லிட்டு வா. அப்புறம் வேலை போகட்டும்."

அம்மா எழுந்து டிராயரைத் திறந்து ஃபோனை எடுத்து நீட்டினாள். "திறந்து கொடு." மகள் கையை நீட்டவில்லை. "நீதான்மா திறக்கணும்" என்றாள். எங்கே அழுத்த வேண்டும் என்று மட்டும் காட்டினாள். அம்மா முனகிக்கொண்டே மருந்துச் சேனலைத் திறந்தாள். பக்கத்திலிருந்த செய்திச் சேனலைத் தானாகவே மூடினாள். தட்டை நிமிர்த்தி ஃபோனை அதில் வைத்தாள்.

மாத்திரை நேரம் வந்தது. தட்டு ஒரே நீளமாக ஆடியது. அம்மா மாத்திரையை எடுக்கவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஃபோனைக் கண்ணருகே வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள். அதன் பிறகுதான் தண்ணீரை எடுத்தாள். மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகக் கண்ணாடிக் கதவில் அவள் அடையாள அட்டையை வைத்தாள். கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். உள்ளே எல்லோரும் அவரவர் திரையில் மும்முரமாக இருந்தார்கள். மேலாளர் அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

வாசலில் நின்று பேசுவது அவளுக்குப் புதிதில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கதவைத் திறங்க. இன்னும் பேச வேண்டியவங்க இருக்காங்க."

கண்ணாடி அதிர்ந்தது. மேல்மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். உள்ளே முதலில் எழுந்தவன் எதிர் மேசைக்காரன். மேலாளர் அவனிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று வெளியே கேட்கவில்லை. அவன் பதில் மட்டும் வாசல் வரைக்கும் நன்றாகக் கேட்டது.

"முடியாது சார்."

சொல்லிவிட்டு வந்து கதவைத் திறந்தான்.